தின்கன்ஜூனுக்கு வந்த நோரா

1

இந்த மாதத்தோடு எனக்கும் ஃபிலோமினாவுக்கும் கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது. விருந்து ஒன்றும் வைக்கவில்லை. அவள் காலைப் பூசைக்குப் போய்வந்தாள். நான் வழக்கம்போல சைக்காவை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். சைக்கிளின் பக்கவாட்டில் முதுகோடு முதுகாக இரண்டு இருக்கை பொருத்திய வண்டிக்கு இங்கே சைக்கா என்று பெயர். யாங்கோனில், அதாவது ரங்கூனில், நாங்கள் இருக்கும் தின்கன்ஜூன் பேட்டை முழுக்கச் சந்துகள். பஸ்ஸை விட்டு இறங்கும் வாத்தியார்களையும் குமாஸ்தாக்களையும் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவது என் தொழில்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர் வாசலில் நின்றார். கட்டிலுக்கு அடியில் கிடந்த வீடியோ டேப் பெட்டியை இழுத்தேன். பாதி டேப்புகளில் பூஞ்சை. போட்டுப் பார்க்க மெஷினும் எங்கள் சந்தில் இப்போது யாரிடமும் ஓடுவதில்லை.

"எல்லாத்தையும் குடுங்க. நோராவை மட்டும் குடுக்காதீங்க," என்றாள் ஃபிலோ அடுப்படியிலிருந்து.

"நோராவுலயும் பூஞ்சை புடிச்சிருச்சு."

"புடிச்சா என்னா? உங்க முதுகுலயுந்தான் தேமல். தூக்கியா போட்டுட்டேன்?"

பிளாஸ்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார். நோராவின் டேப்புகளைத் தனியே எடுத்துத் துடைத்து மறுபடியும் உள்ளே தள்ளினேன்.

நோரா விட்காம் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை. ஊரில் இருக்கிற உங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. அமெரிக்காவிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. யாங்கோனில் எங்கள் சந்தில் அந்த அம்மாவுக்காக மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறோம். பர்மாவைப் பற்றி எழுது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் தேக்கையும் பகோடாவையும் பற்றி எழுதிவிட்டேன். இந்தத் தடவை நோராவைப் பற்றி எழுதுகிறேன்.

2

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பரமக்குடியில் ஒரு டென்ட் கொட்டகையில் டிக்கெட் கிழித்தேன். படம் இல்லாத நாட்களில் அங்கே நாடகக் கம்பெனி இறங்கும். அதில் அம்மா வேஷம் கட்டுகிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். வெள்ளை விக் வைத்து, கன்னத்தில் கரிக்கோடு இழுத்து, தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த கதாநாயகனைப் பார்த்து, "மகனே, உன்னைப் பெற்ற வயிறு எரிகிறதடா" என்று அழுவாள். கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்தும். நாடகம் முடிந்ததும் விக்கைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சோடா கேட்பாள். அவளுக்கு சோடா வாங்கிக்கொண்டு போனவன் நான். நடிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அப்புறம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மெட்ராசில் மூட்டை தூக்கினேன். கல்கத்தாவில் ஓட்டலில் மாவாட்டினேன். இம்பாலுக்கு லாரியில் போனேன். எல்லையில் மோரே என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு தெருவே தமிழில் பேசும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் தாயகத்துக்குள் போகாமல் எல்லையிலேயே உட்கார்ந்துவிட்ட இடம். அவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பக்கம் ஆசை வந்தது. பர்மாவில் எண்பத்தெட்டாம் வருடத்துக் கலவரம் அடங்கிய பிறகு ஒரு வியாபாரியின் சாமான்களோடு நடந்து இந்தப் பக்கம் வந்தேன். வழியில் காய்ச்சல் கண்டு மண்டலேயில் ஒரு மடத்தில் கிடந்தேன். பிழைத்ததும் யாங்கோனுக்கு ரயில் ஏறினேன்.

ஃபிலோவின் அப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மிஷன் பள்ளியில் படித்த குடும்பம். ஃபிலோ ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என்னைப் போல ஒரு நாடோடிக்கு அவர்கள் பெண் கொடுத்ததற்குக் காரணம் நான் அல்ல. ஃபிலோ பிடிவாதம் பிடித்தாள், அவ்வளவுதான். ஏன் பிடித்தாய் என்று கேட்டால், "மத்த மாப்பிள்ளைங்க வந்ததும் என் சம்பளத்தைக் கேட்டாங்க. நீங்க வந்ததும் தண்ணி கேட்டீங்க" என்பாள்.

3

கல்யாணத்துக்குப் பிறகும் எனக்குக் கால் நிற்கவில்லை. ஸ்டெல்லா பிறந்து தவழ்கிற பருவத்தில் ஒரு தடவை வடக்கே மாணிக்கக்கல் தோண்டுகிற பக்கம் போய்விட்டு எட்டு மாதம் கழித்து வந்தேன். கொண்டுவந்தது மலேரியா. ஃபிலோ திட்டவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு டேப் பார்க்கப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு கோ சோ சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிற பர்மியர். ஒரு பழைய டிவியும் வீடியோ மெஷினும் எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்திருந்தார். அவர் கடலில் இருக்கும் மாதங்களில் அவர் மனைவி மா கின் சாயங்காலங்களில் சந்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டேப் போடுவாள். டேப்பெல்லாம் இங்கிலீஷ். அதை பர்மிய மொழியில் சொல்ல சந்தில் ஒரே ஆள்தான் உண்டு: ஃபிலோ. "சயாமா" என்பார்கள் அவளை. டீச்சரம்மா என்று அர்த்தம். சயாமா டிவிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, நடிகர்கள் பேசி முடிக்க முடிக்கப் பர்மிய மொழியில் சொல்வாள். அழுகை வந்தால் நிறுத்தி அழுதுவிட்டுத் தொடர்வாள்.

காய்ச்சல் தெளிந்து நானும் போய் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பெண் நீதிபதி. நரைத்த தலை. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் குற்றவாளியைச் சும்மா பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான்தான் எட்டு மாதம் ஓடிப்போனவன்.

"இந்தக் கிழவி நல்லா நடிக்குது," என்றாள் மா கின்.

"கிழவியா?" என்றேன் நான். "அது விக். கன்னத்துல பாருங்க, கோடு போட்டிருக்கு. எங்க ஊர்ல இதெல்லாம் என் கண்ணால பார்த்திருக்கேன். அது இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு."

பெண்கள் எல்லாரும் டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்கள். டிவியில் வண்ணம் எப்போதோ போய்விட்டிருந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளை. அதிலும் கொஞ்சம் பனி. "ஹௌட்டே, ஹௌட்டே, ஆமா" என்று ஒவ்வொருத்தியும் ஒத்துக்கொண்டாள். இருபத்தைந்து வயதில் இப்படிக் கிழவியாக நடிக்கிறாளே என்று மரியாதை கூடிவிட்டது. இளையவள்தானே, அதனால் "மா நோரா" என்று பெயர் வைத்தார்கள். வயதானவராக இருந்தால் "டோ" என்று சொல்லவேண்டும். ஆண்களுக்கு "கோ".

மறுபடி எனக்குக் கால் அரித்தபோது ஃபிலோ ஒன்றுதான் சொன்னாள்: "மா நோராவோட அடுத்த டேப் வர்ற வரைக்கும் இருங்க." இருந்தேன். அது வந்ததும் அடுத்ததற்காக இருந்தேன். மெஷின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும், அறுந்த டேப்பை ஒட்டவும் கற்றுக்கொண்டேன். யாங்கோனில் நான் நிலைத்த கதை இதுதான்.

4

கோ சோவுக்கு மா கின் ஓர் உத்தரவு போட்டிருந்தாள். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் நோரா முகம் போட்ட டேப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனைவிக்கு வாசனைத் திரவியம் வாங்குகிற மாலுமிகள் நடுவே அவர் நோராவைத் தேடிக்கொண்டு நின்றார்.

முதலில் புது டேப்புகளைக் கடையில் வாங்கினார். பிறகு உலகம் டிஸ்குக்கு மாறியது. டேப்புகள் சந்தைத் தரைக்கு வந்தன. அங்கே பழையது, அதைவிடப் பழையது என்றுதான் கிடைக்கும். ஒவ்வொரு பயணத்திலும் அவர் கொண்டுவந்த நோரா ஒரு படி முந்தைய நோரா. இது எங்களுக்குத் தெரியாது. நீதிபதிக்குப் பிறகு வந்த டேப்பில் நோரா மூன்று பிள்ளைகளுக்குத் தாய். எந்தச் சட்டியை எடுத்தாலும் கீழே போடுவாள், பின்னாலிருந்து ஜனங்கள் சிரிக்கிற சத்தம் வரும். அதற்கடுத்து, கைப்பையில் துப்பாக்கி வைத்திருக்கும் போலீஸ்காரி. அவளுக்கு மேலே ஓர் ஆண் அதிகாரி, அவன்தான் நாயகன். பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ். டாக்டர் கேட்பதைக் கொடுப்பாள், ஒரு தடவை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுவாள்.

கார்களைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் சந்து முனையில் ஓடிய பஸ் அந்தக் கார்களைவிடப் பழையது. டெலிபோனும் அப்படியே. அமெரிக்காவிலும் நம்மைப் போலத்தான் போல என்று நினைத்துக்கொண்டோம்.

டேப்புகள் வந்த வரிசையே நோராவின் வாழ்க்கை வரிசை என்று ஃபிலோ எடுத்துக்கொண்டாள். முதலில் நீதிபதி, பிறகு குடும்பத் தலைவி, பிறகு இரண்டாம் இடத்துப் போலீஸ், பிறகு நர்ஸ். படிப்படியாக இறக்கம்.

"யாரோ கெடுத்துட்டாங்க அவளை," என்றாள் மா கின்.

"ப்ரொடியூசர் எவனையாவது கன்னத்துல அறைஞ்சிருப்பா," என்றாள் ஃபிலோ. "அவ மூக்கைப் பாருங்க. அறையிற மூக்கு."

கடைசியாக வந்த டேப் பழைய சிரிப்புத் தொடர்களின் தொகுப்பு. அரை மணி நேரம் யார் யாரோ வந்தார்கள். திடீரென்று ஒரு காப்பிக்கடைக் காட்சி. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் தட்டை ஏந்தி வந்து, "வேற எதாவது வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அவள் நோரா.

ஃபிலோ மொழிபெயர்க்கவில்லை. மெஷினை நிறுத்தச் சொன்னாள். பெண்கள் கலைந்து போனார்கள். அடுத்த ஞாயிறு ஃபிலோ கோயிலில் நோராவுக்காக மெழுகுவத்தி ஏற்றினாள். நல்ல வேஷம் ஒன்று திரும்பக் கிடைக்கவேண்டும் என்று. மா கின் பௌத்தப் பெண். அவளும் கூட வந்து ஒன்று ஏற்றினாள். சிரிக்காதீர்கள். அந்த நாட்களில் எங்கள் யாருக்கும் நல்ல வேஷம் எதுவும் கிடைத்துவிடவில்லை. அவளுக்காவது கிடைக்கட்டும் என்று இருந்தது.

5

வருடா வருடம் நான் அன்னியர் பதிவுச் சீட்டைப் புதுப்பிக்கப் போகவேண்டும். மேசைக்குப் பின்னால் ஆட்கள் மாறியிருக்கிறார்கள், கேள்வி மாறியதில்லை. "எப்போது திரும்பிப் போகிறாய்?" "அடுத்த வருஷம் ஐயா." எழுதிக்கொள்வார்கள். இருபது வருடமாக நான் அடுத்த வருடம் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஸ்டெல்லாவுக்கு அடையாள அட்டை வாங்கியபோது எழுதுகிறவர், "அப்பா என்ன இனம்?" என்றார். தமிழ் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மதம் என்ற இடத்தில் இந்து என்று எழுதினார். கோயில் பாடகர் குழுவில் பாடுகிற பிள்ளை, பெயரே ஸ்டெல்லா. திருத்தச் சொன்னால் இன்னும் ஒரு வருடம் ஆகும். "இருக்கட்டும்ப்பா, அட்டை பாடாது," என்றாள் அவள்.

அவள் அதைச் சொன்னது பர்மிய மொழியில். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் பர்மிய மொழியில் பதில் சொல்வாள். அம்மாவை "அமே" என்று பர்மியப் பிள்ளைகள் மாதிரி கூப்பிடுவாள். என்னோடு வெளியே வந்தால் ரெண்டு எட்டு முன்னால் நடப்பாள். என் வாயில் பர்மிய மொழியின் ஏற்ற இறக்கம் எப்போதும் தப்பும், கடைக்காரர்கள் சிரிப்பார்கள். நான் பேசத் தொடங்கும் முன் அவள் முந்திக்கொண்டு பேசி முடித்துவிடுவாள். பிள்ளைகளை இந்த ஊர் எடுத்துக்கொள்கிறது என்று தேநீர்க்கடையில் தமிழர்கள் புலம்புவார்கள். எடுத்துக்கொள்ளட்டும். அவர்களாவது ஓர் ஊருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

போன வருடம் எங்கள் சந்தில் ஒரு வீட்டை வீடியோ படம் எடுக்க வாடகைக்கு எடுத்தார்கள். இங்கே அது பெரிய தொழில். ஸ்டெல்லா மூன்று நாளும் வேலி ஓரமாக நின்றாள். நான்காம் நாள் டைரக்டர் அவளைக் கூப்பிட்டு அடுத்த படத்தில் ஒரு வேஷம் தருவதாகச் சொன்னார். ஓடி வந்தாள். பதினெட்டு வயதுப் பெண் முற்றத்தில் குதித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன வேஷம்?" என்றாள் ஃபிலோ.

"பணக்கார வீட்டுல வேலை செய்யுற பொண்ணு. டீ தட்டைக் கொண்டுவந்து வைக்கணும். ஒரு வசனம் இருக்கு, அமே!"

ஃபிலோவின் முகம் மாறியது. "தட்டா?"

"ஆமா."

"வேண்டாம்."

"ஏன்?"

"மா நோரா எங்க போய் முடிஞ்சான்னு உனக்குத் தெரியும்ல? சின்ன வயசுல என் மடியில உக்காந்து பாத்தவதானே? நீதிபதியா இருந்தவ. அவளையே கடைசில தட்டு தூக்க விட்டுட்டாங்க. நீ தட்டுலயே ஆரம்பிக்கப் போறியா? இதுக்குக் கீழ இறங்க உனக்கு எங்க இடமிருக்கு?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் சைக்கா செயினுக்கு எண்ணெய் விட்டேன். அம்மா சொல்லாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்காது. அதுவும் ஸ்டெல்லாவுக்குத் தெரியும். டைரக்டருக்கு ஒரு வாரத்தில் பதில் சொல்லவேண்டும்.

6

ஸ்டெல்லா அழுவாள் என்று நினைத்தேன். அவள் மா கின் வீட்டுக்குப் போனாள். மெஷின் அப்போது கடைசி மூச்சில் இருந்தது. கதவைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் டேப் நிற்கும். தட்டு தூக்குகிற நோராவை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். தட்டை எப்படிப் பிடிப்பது என்று படிக்கத்தான் போட்டாளாம். பிறகு மற்ற டேப்புகளையும் போட்டாள். இரண்டாம் நாள் எங்களை வந்து கூப்பிட்டாள். ஃபிலோ வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

நீதிபதி டேப். நோரா கண்ணாடியைக் கழற்றும் இடத்தில் ஸ்டெல்லா படத்தை நிறுத்தினாள். திரையில் கோடு கோடாக நடுங்கிற்று.

"அமே, முகத்தைப் பாக்காத. கையைப் பாரு."

கண்ணாடியைப் பிடித்திருந்த கையில் நரம்புகள் எழும்பி நின்றன. விரல் மூட்டுகள் வீங்கி, ஒரு விரல் கொஞ்சம் வளைந்திருந்தது.

"தலைக்கு விக் வைக்கலாம். கன்னத்துல கோடு போடலாம். கைக்கு என்ன போடுவாங்க?"

டேப்பை மாற்றினாள். சட்டியைக் கீழே போடும் நோராவின் கை. நரம்பு இருந்தது, வீக்கம் இல்லை. துப்பாக்கி பிடித்த கை, அதைவிட இளசு. நர்ஸின் கை வழுவழுவென்று இருந்தது. தட்டைப் பிடித்த கை என் மகளின் கை போல இருந்தது.

மா கின்தான் என் பக்கம் திரும்பினாள். "கோ ராசு, விக்குன்னு சொன்னது நீங்கதானே?"

"எங்க ஊர்ல விக்குதான்," என்றேன்.

"நீங்களும் உங்க ஊரும்!" பதினாறு வருடத்துக்கும் சேர்த்து என் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

ஃபிலோ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்பீஸும் துவைகல்லும் கண்ட கை. "அப்ப தட்டுலதான் ஆரம்பிச்சிருக்கா," என்றாள் மெதுவாக. "அப்பறமா நர்ஸ். அப்பறமா போலீஸ். வீடு. கடைசிலதான் ஜட்ஜ்."

"ஆமா, அமே."

"அப்ப அவ... அவங்களுக்கு இப்ப என்ன வயசிருக்கும்?"

யாருக்கும் தெரியவில்லை. எண்பதை ஒட்டி இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். இத்தனை வருடமாக எங்களைவிட இளையவளாக, கஷ்டத்தில் இருக்கிறவளாக, எப்போது வேண்டுமானாலும் எழுந்து வந்துவிடக்கூடியவளாக இருந்த ஒருத்தி ஒரே சாயங்காலத்தில் எங்கள் எல்லாருக்கும் மூத்தவராகிவிட்டார். மா கின் கைகூப்பி, "டோ நோரா," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஃபிலோ சொன்னாள்: "நான் மெழுகுவத்தி ஏத்துனனே, நல்ல வேஷம் குடுங்கன்னு. ஆண்டவர் நான் கேக்குறதுக்கு முந்தியே குடுத்திருக்காரு." அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை. இங்கே பெண்களும் லுங்கிதான் கட்டுவார்கள்; மறுநாள் ஸ்டெல்லாவின் நல்ல லுங்கியை எடுத்து இஸ்திரி போட்டாள். அதுதான் சம்மதம்.

7

படப்பிடிப்பு யாங்கோனுக்கு வடக்கே மாவ்பியில். வயல்களுக்கு நடுவே யாரோ பணக்காரர் கட்டிப் போட்டிருந்த பெரிய வீடு. நாங்கள் மூவரும் விடியற்காலை, ஆட்களை அடைத்து ஏற்றும் லைன் வண்டியில் ஏறிப் போனோம். ஸ்டெல்லாவை உள்ளே விட்டார்கள். எங்களைக் கேட்டுக்கு வெளியே இருக்கச் சொன்னார்கள். மதில் உயரம், உள்ளே ஒன்றும் தெரியாது. மதிலை ஒட்டி ஒரு மாமரம் இருந்தது. ஃபிலோ அதன் கீழே துண்டை விரித்து உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

வெகு நேரம் மேசை நகர்த்துகிற சத்தமும் விளக்குக்காரர்களின் வசவும். பிறகு அமைதி. பிறகு என் மகளின் குரல்: "டீ கொண்டாந்திருக்கேன், அம்மா. ஆறுறதுக்குள்ள குடிங்க." சுத்தமான பர்மிய மொழி, பள்ளிக்கூட டீச்சர் மகள் பேசுகிற மாதிரி.

"கட்!" என்றது டைரக்டரின் குரல். "இப்படியில்லம்மா. நீ கலா வேலைக்காரி. கலா மாதிரி பேசு. ஜனங்க சிரிக்கணும்."

இந்திய முகம் உள்ளவர்களுக்கு இங்கே கலா என்று பெயர். அதில் கெட்ட எண்ணம் பாதிதான் உண்டு. மீதிப் பாதி பழக்கம். வீடியோ படங்களில் கலா வந்தால் மொழியைக் கடித்துத் துப்பவேண்டும், தலையை ஆட்டவேண்டும். அது ஒரு வழக்கம்.

அவள் மறுபடி சொன்னாள். மறுபடி கட். அவளுக்கு வரவில்லை. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அப்படிப் பேச எங்கிருந்து வரும்? யாரோ ஒருத்தி உள்ளே, "வேற கலாப் பொண்ணு கிடைக்கலயா?" என்றாள். பத்து நிமிடம் ஓய்வு விட்டார்கள்.

கேட் திறந்தது. ஸ்டெல்லா வேலைக்காரி உடுப்போடு, முகம் நிறையப் பவுடரோடு வந்தாள். எங்கள் முன்னால் நின்று கீழே பார்த்துக்கொண்டு பேசினாள். தமிழில் பேசினாள். அவள் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

"அப்பா... நீ பேசுற மாதிரி... பேசணுமாம். சொல்லிக் குடு."

ஃபிலோ சட்டென்று எழுந்தாள். ஜெபமாலை மடியிலிருந்து விழுந்தது. "வா, வீட்டுக்குப் போவோம். உங்கப்பா பேச்சு என்ன கோமாளிப் பேச்சா? தட்டு தூக்கு, நான் வேண்டாங்கல. இது வேண்டாம்."

ஸ்டெல்லா நகரவில்லை. அவளுக்கு இந்த வேஷம் வேண்டும். அம்மாவும் வேண்டும். நானும் வேண்டும் என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. அவள் அழுது கண் மையைக் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான் எனக்கு அவசரமாக இருந்தது.

"உக்காரு ஃபிலோ," என்றேன். "வசனத்தைச் சொல்லும்மா."

அவள் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன், எனக்கு வருகிற மாதிரி. அவள் அதைக் கேட்டு, தலையை ஆட்டி, வாயைக் கோணி, படத்தில் வருகிற கலா மாதிரி சொல்லிக் காட்டினாள்.

"அப்படி இல்லம்மா. நான் தலையை ஆட்டுறனா?"

"இல்ல."

"நான் வேடிக்கைக்கா பேசுறேன்? அவங்களுக்குப் புரியணுமேன்னு பேசுறேன். ஒவ்வொரு சொல்லா எடுத்து வைக்கிறேன். தப்பா வெச்சிடுவனோன்னு பயந்துக்கிட்டு வைக்கிறேன். அவ்வளவுதான். இன்னொரு தடவை கேளு."

இன்னொரு தடவை சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளையில் நான் சோறு ஊட்டும்போது அப்படிப் பார்த்திருப்பாள், பிறகு பார்த்ததில்லை. உதடு மட்டும் அசைய ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டாள். கேட் சாத்திக்கொண்டது.

ஃபிலோ துண்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. கோபம் என் மேலா, டைரக்டர் மேலா, பர்மா மேலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. உள்ளே, "சைலன்ஸ்" என்றார்கள்.

தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த வசனம், அப்படியே என் பேச்சில். ஒவ்வொரு சொல்லாக, கொஞ்சம் தயங்கி, ஏற வேண்டிய இடத்தில் இறங்கி, இறங்க வேண்டிய இடத்தில் ஏறி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வைக்கிற மாதிரி வந்தது. டீ ஆறிவிடக் கூடாது என்ற கவலை அதில் உண்மையாகவே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் கட் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்ன பிறகு, "சரி," என்றார், "அப்படியே இருக்கட்டும். அடுத்த ஷாட்."

மதிலுக்கு இந்தப் பக்கம் ஃபிலோ சட்டென்று என் பக்கம் திரும்பி, நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்த்தாள்.